அரச விழாக் காசும் தபால்தலையும்: பள்ளிக் கண்காட்சியில் எப்படி வைப்பது?

அஸ்தம்பட்டி டீச்சர் (கேள்வி)

வணக்கம். எங்கள் பள்ளி வரலாற்று மன்றம் சேலத்தில் இரண்டு நாள் கண்காட்சி நடத்துகிறது. அரசர், அரசி பெயரில் நடந்த விழாக்களும் அவற்றை நம் ஊர்க்காரர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதும்தான் பொருள். மொத்தம் ஆறு மேசை. பெற்றோர் இரவலாகத் தந்தவை இவை: 1862 முதல் 1945 வரையிலான ஒரு ரூபாய் வெள்ளிக் காசு 23, ஐந்தாம் ஜார்ஜின் 1935 வெள்ளிவிழாத் தபால்தலை ஏழில் ஐந்து, ஜார்ஜும் அவர் அரசி மேரியும் இருக்கும் சட்டம் போட்ட பழைய வண்ணப்படம் ஒன்று.

மூன்று சந்தேகம். ஒன்று, குழுவுக்குள்ளேயே சண்டை. "நம்மை அடிமையாக வைத்திருந்தவர்களுக்கு நாம் எதற்கு விழா எடுக்கணும்" என்று ஒரு பக்கம். "பழைய பொருள்தானே, அழகாக அடுக்கினால் போதும்" என்று இன்னொரு பக்கம். இரண்டு, காசுகளை உரசாமல், அமிலம் விடாமல் உண்மையா போலியா என்று பார்க்க வழி உண்டா? மூன்று, முடிந்ததும் இதே பொருட்களை ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கு ஒரு வாரம் அனுப்பக் கேட்கிறார்கள். அந்தப் பனியில் தபால்தலை தாங்குமா?

காசுப்பெட்டி

டீச்சர், இரண்டாவது கேள்விக்கு மட்டும் நான் சொல்றேன்.

1939 வரைக்குமான ரூபாய் எல்லாம் 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. பன்னிரண்டு பங்கில் பதினோரு பங்கு வெள்ளி. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் 91, 92 டச் என்பார்கள், அதாவது நூற்றுக்கு அத்தனை பங்கு வெள்ளி. அங்கே கொண்டு போனால் உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்துவிடுவார்கள், அந்தக் கோடு காசில் நிரந்தரம். டச் பார்க்கும் மெஷினும் மேல்பரப்பை மட்டும்தான் படிக்கும். நல்லா வெள்ளி முலாம் போட்ட பித்தளை அதில் பாஸ் ஆகிவிடும்.

தண்ணீரில் பாருங்க. 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். முதலில் காசை எடை போட்டுக் குறித்துக்கோங்க. பிறகு தராசு மேல் முக்கால் டம்ளர் தண்ணீர் வைத்துப் பூஜ்யம் ஆக்குங்க. காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்க முங்கும்படி தொங்கவிடுங்க. நல்ல காசென்றால் தராசு 1.13 பக்கம் நிற்கும். பித்தளை, செம்பு என்றால் 1.3-க்கு மேல் போகும். தேய்ந்த காசுக்கு எடையே குறையும் என்பதால் வகுத்துப் பாருங்க: காற்றில் எடையைத் தண்ணீர்க் கணக்கால் வகுத்தால் 10.3 வரணும்.

இதில் எல்லோரும் செய்கிற தப்பு காற்றுக் குமிழ். காசின் எழுத்து இடுக்கில் குமிழ் ஒட்டியிருந்தால் கணக்கு ஏறி, நல்ல காசே போலி மாதிரி காட்டும். தண்ணீருக்குள்ளேயே விரலால் ஒரு தடவு தடவிவிட்டுத் தொங்கவிடுங்க. காசு அடியில் பட்டால் அதன் முழு எடையும் ஏறிவிடும், அது பார்த்ததுமே தெரியும்.

1940 முதல் 1945 வரை போர்க்காலக் காசு. வெள்ளி பாதிதான். அதற்கு 1.22 பக்கம் வரும், வகுத்தால் 9.5. அதைப் போலி என்று ஒதுக்கிவிடாதீங்க. போருக்கு முந்தைய காசையும் போர்க்காலக் காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதே ஒரு பாடம்: ராஜா அப்படியே இருக்கிறார், வெள்ளிதான் பாதி போய்விட்டது.

போலி பெரும்பாலும் வார்ப்புக் காசு. லென்ஸில் பார்த்தால் படமும் எழுத்தும் இல்லாத வெற்றுப் பரப்பில் ஊசி குத்தினது போலக் குழி, எழுத்து ஓரம் மழுங்கல், விளிம்பில் அரம் போட்ட அடையாளம். 1911 ரூபாய் இருந்தால் இரண்டு முறை சோதிங்க, அதற்குப் போலி உண்டு. ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் இருந்த யானை, தும்பிக்கை குட்டையாகப் போனதால் பன்றி மாதிரி தெரிய, எதிர்ப்புக் கிளம்பி, வெளியிடாமல் மிச்சம் இருந்ததை உருக்கினார்கள். 1912-ல் தும்பிக்கையை நீட்டித் திருத்தினார்கள். சேகரிப்பவர்கள் பேச்சில் அது 'பன்றி ரூபாய்'.

தயவுசெய்து யாரும் விபூதி, புளி, பற்பசை போட்டுத் தேய்த்துப் 'பளிச்' ஆக்க வேண்டாம். அந்தக் கருமை படிய நூறு வருஷம் ஆகியிருக்கு, போனால் வராது.

கெசட்டியர் வாசகர்

குழுவின் சண்டைக்கு என் யோசனை: ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் இரண்டே வரி எழுதுங்கள். இந்த விழாவை யார் செலவில், யார் எடுத்தார்கள்? அந்த வருஷம் நம் ஜில்லாவில் என்ன நடந்துகொண்டிருந்தது? இந்த இரண்டையும் எழுதிவிட்டால் புகழ்ச்சியும் தேவையில்லை, வசையும் தேவையில்லை.

உங்கள் 1862 காசில் 'விக்டோரியா குயின்' என்று இருக்கும். 1877 முதல் வந்ததில் 'விக்டோரியா எம்ப்ரஸ்'. இந்த இரண்டும்தான் முதல் மேசை. 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் தர்பார் கூட்டி அவரைப் பேரரசி என்று அறிவித்தபோது சென்னை மாகாணம் தாது வருஷப் பஞ்சத்தில் இருந்தது. 1871 கணக்கில் ஏறத்தாழ 19.7 லட்சமாக இருந்த சேலம் ஜில்லா மக்கள்தொகை 1881-ல் 16 லட்சம். அன்றைய சேலம் ஜில்லாவில் இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் பகுதிகளும் அடக்கம் என்பதைக் குறிப்பில் போடுங்கள், இல்லையென்றால் யாராவது கணக்கு தப்பு என்று வருவார்கள். வேறு விளக்கமே வேண்டாம், இரண்டு காசும் இந்த இரண்டு எண்ணும் போதும்.

ஆனால் அன்றைக்கே எல்லோரும் எதிர்த்தார்கள் என்று எழுதிவிடாதீர்கள், அது பொய். 1885-ல் முதல் காங்கிரஸ் மாநாடே அரசிக்கு ஜே போட்டுத்தான் முடிந்தது. படித்தவர்கள் மனுப் போட்ட பாணி 'அரசி நல்லவர், அவருக்குத் தெரியாமல் அதிகாரிகள்தான் கெடுக்கிறார்கள்' என்பது. கம்பெனியிடமிருந்து ஆட்சியை எடுத்துக்கொண்டபோது அரசி வெளியிட்ட 1858 பிரகடனத்தை எடுத்துக்காட்டி, நீங்களே கொடுத்த வாக்குத்தானே என்று கேட்பார்கள். விசுவாசம் பேசுவதே உரிமை கேட்கும் உபாயம். அரசி பட்டத்துக்கு வந்து ஐம்பது வருஷம் ஆன 1887 பொன்விழாவையொட்டிக் கட்டடங்களுக்கு அரசி பெயர் வந்ததும் இந்தக் காலம்தான். கோவை டவுன்ஹாலும் சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலும் இன்றும் நிற்கின்றன. லண்டனில் விழா ஜூனில். இங்கே ஜூனில் வெயிலும் மழையும் என்று, இந்தியாவில் அந்தப் பொன்விழாவை பிப்ரவரி 16-லேயே முடித்துவிட்டார்கள்.

அடுத்து மனநிலை மாறும் இடம். 1897 ஜூன் 22, விக்டோரியாவின் அறுபதாம் ஆண்டு வைரவிழா நாள் இரவு, புனேயில் விழா முடிந்து திரும்பிய ராண்ட், அயர்ஸ்ட் என்ற இரு அதிகாரிகளை சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். பிளேக் தடுப்பு என்ற பெயரில் வீடு புகுந்த கெடுபிடிதான் ஆத்திரம். 1911-ல் ஜார்ஜ் முடிசூட்டு ஜூன் 22. அதற்கு ஐந்து நாள் முன்பு மணியாச்சியில் வாஞ்சிநாதன் திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டார். அவர் சட்டைப்பையில் இருந்த கடிதம் அந்த முடிசூட்டைக் குறித்தே பேசுகிறது. அரச விழாவும் துப்பாக்கிச் சத்தமும் ஒரே வாரத்தில்.

நம் ஊருக்கென்று ஒரு மேசை ஒதுக்குங்கள். சேலம் நகராட்சித் தலைவராக 1917 முதல் 1919 வரை இருந்த ராஜாஜி, 1922 ஜனவரியில் வேல்ஸ் இளவரசர் சென்னை வந்து ஹர்த்தால் நடந்தபோது வேலூர்ச் சிறையில் இருந்தார். அதே ராஜாஜி 1948 ஜூன் 21 அன்று கவர்னர் ஜெனரல் ஆனார், அதாவது மன்னரின் பிரதிநிதி. மறுநாள் ஜூன் 22-ல்தான் ஆறாம் ஜார்ஜ் 'இந்தியப் பேரரசர்' பட்டத்தை முறைப்படி விட்டார். 1950 ஜனவரி 26 வரை அவர் நமக்கு மன்னர்தான். இதைக் கேட்டால் பெரியவர்களே வாயைப் பிளப்பார்கள், குழந்தைகளை விடுங்கள்.

ராமபாணம்

பேர் காகிதம் அரிக்கும் பூச்சியின் பேர்தான், வேலை காகிதம் காப்பாற்றுவது.

1935 மே 6-ல் வந்த அந்தத் தொகுதியில் இந்தியச் சின்னங்கள்தான் முன்னால், ஜார்ஜ் ஓரத்தில். அரையணாவில் கேட்வே ஆஃப் இந்தியா, 9 பை (முக்காலணா) தலையில் கல்கத்தா விக்டோரியா நினைவகம், ஓரணாவில் ராமேஸ்வரம் கோயில், ஒன்றேகால் அணாவில் கல்கத்தா ஜைனக் கோயில், இரண்டரையில் தாஜ்மகால், மூன்றரையில் அமிர்தசரஸ் பொற்கோயில், எட்டணாவில் மாண்டலே பகோடா. ஏழில் எது இல்லையோ அந்த இடத்தைக் காலியாக விட்டு, என்ன படம் என்று எழுதி வையுங்கள். கலர் ஜெராக்ஸ் வைத்தால் 'நகல்' என்று பெரிதாகப் போடுங்கள்.

தபால்தலையின் பின்பக்கம் பசை இருந்தால் ஈரக் கையால் தொடாதீர்கள், தட்டை முனை இடுக்கி வேண்டும். செல்லோடேப் அறவே கூடாது. நான்கு மூலைக்கும் காகித மூலை மாட்டி, அமிலமில்லாத அட்டையில் பொருத்துங்கள். கண்ணாடிக்கும் தபால்தலைக்கும் நடுவே 3 மில்லிமீட்டராவது இடைவெளி, அட்டைச் சட்டம் வைத்தால் போதும். ஒட்டி வைத்தால் ஏற்காட்டு ஈரத்தில் பசை இளகிக் கண்ணாடியோடு பிடித்துக்கொள்ளும். ஜன்னல் வெயில் பட்டால் நிறம் இறங்கும்.

ஏற்காட்டுக்கு அனுப்பலாம், ஆனால் ஒரு வாரம் முழுக்கத் திறந்த மேசையில் வேண்டாம். மூடிய கண்ணாடிப் பெட்டி, ஓரத்தில் ரப்பர் பட்டை இல்லாமல் துணி நாடா. ரப்பரில் கந்தகம் உண்டு, பக்கத்தில் வெள்ளிக் காசு இருந்தால் கறுக்கும். கம்பளித் துணி விரிப்பும் அப்படியே. பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், நிறம் மாறும் வகை, 100 கிராம், சின்ன ஈரமானி ஒன்று. 45-லிருந்து 55 சதவீதத்துக்குள் இருக்கணும். மாலை பனி இறங்கும் நேரத்தில் பெட்டியைத் திறக்காதீர்கள். ஜெல் நிறம் மாறிவிட்டால் 110 டிகிரி அவனில் இரண்டு மணி நேரம் காயவைத்தால் பழையபடி ஆகும். மலையிலிருந்து இறக்கியதும் உடனே பிரிக்காமல், வந்த பெட்டியிலேயே ஒரு இரவு விட்டுவிடுங்கள். குளிர்ந்த பொருளில் சேலத்துக் காற்று பட்டால் வியர்க்கும்.

வண்ணப்படத்தின் பின்னால் ஒட்டுப்பலகை இருந்தால் அதை எடுத்துவிட்டு அட்டை போடுங்கள், ராமபாணம் குடியிருப்பது அங்கேதான். படம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் இழுக்கவே கூடாது, அப்படியே காட்டிவிடுங்கள்.

கொல்லிமலைத் தேன்

எல்லாம் சரி, ஒரு ஆட்சேபம். வெள்ளைக்கார ராஜாவுக்கு விழா எடுத்ததை மட்டும் கேலி பண்ணுவது போல ஆகிவிடக் கூடாது. மன்னன் பிறந்தநாளுக்கு நாள்மங்கலம், முடிசூட்டு நாளுக்கு மண்ணுமங்கலம் என்று நம்மிடமே இலக்கணம் இருக்கு. இன்றைக்கும் ஐப்பசி சதயத்தில் ராஜராஜனுக்கு, ஆடித் திருவாதிரையில் ராஜேந்திரனுக்கு, கொல்லிமலையில் ஆடியில் வல்வில் ஓரிக்கு அரசு விழா. செலவு யார் காசு என்று அங்கேயும் கேட்பீங்களா?

கெசட்டியர் வாசகர்

கேட்கணும்தான், நல்ல ஆட்சேபம். ஆறாவது மேசையை அதற்கே விடுங்கள் டீச்சர். ஓரிக்கு விழா எடுப்பது இன்றைய அரசு. அதற்கான வரிப்பணம் சட்டசபையில் நிதிநிலை அறிக்கையாகப் பேசப்படுகிறது. 1911-ல் ஜார்ஜுக்காக டெல்லியில் கூட்டிய தர்பாரின் செலவைக் கேட்க சேலத்துச் சாதாரண மக்களுக்கு ஓட்டே இல்லை. வித்தியாசம் அங்கே இருக்கிறது, மன்னன் நிறத்தில் இல்லை. லண்டனிலேயே 2023 மே 6-ல் சார்லஸ் முடிசூட்டு ஊர்வலத்துக்கு முன்பு 'என் மன்னர் இல்லை' என்று பதாகை பிடிக்க வந்த குடியரசு ஆதரவாளர்களைக் கைது செய்தார்கள். கரீபியன் தீவு நாடான பார்படோஸ் 2021 நவம்பர் 30-ல் பிரிட்டிஷ் முடியையே கழற்றி வைத்துக் குடியரசாகிவிட்டது. இந்த இரண்டையும் அதே மேசையில் சேர்த்தால் இது வெறும் பழங்கதை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அஸ்தம்பட்டி டீச்சர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. தண்ணீர்ச் சோதனை செய்தாயிற்று. 21 காசு 10.2-லிருந்து 10.4-க்குள் வந்தது. ஒன்று 9.1, அதில் காசுமாலை வளையம் பற்றவைத்திருக்கிறது. ஒன்று காந்தத்தில் ஒட்டுகிறது, 1947 என்று போட்டுப் புலி இருக்கிறது. பட்டியலில் 1945 என்று தப்பாக எழுதியிருந்தோம். போலியா?

காசுப்பெட்டி

புலி போட்ட 1947 ரூபாய் நிக்கல், காந்தத்தில் ஒட்டத்தான் செய்யும். நல்ல காசு, வெள்ளி இல்லை, அவ்வளவுதான். ராஜா முகம் போட்ட கடைசி ரூபாய் அது, ராஜாஜி மேசையில் வைங்க. வளையம் வைத்ததில் பற்றுப்பொடியும் பித்தளை வளையமும் சேர்ந்து கணக்கைக் கெடுக்கும். தண்ணீர்ச் சோதனையை நம்பாதீங்க, முகத்தையும் விளிம்பையும் லென்ஸில் பார்த்து முடிவு பண்ணுங்க. வளையத்தைக் கழற்றச் சொல்லாதீங்க. ராணி தலையை நம்ம பாட்டிமார் கழுத்தில் போட்டுக்கொண்டதும் ஒரு மனநிலைதான், குறிப்பில் எழுதுங்க.

இன்னும் இரண்டு விஷயம். இரவல் சீட்டில் ஒவ்வொரு காசின் எடை, வருஷம், இரண்டு பக்கப் படம், உரியவர் கையெழுத்து இருக்கணும். திருப்பித் தரும்போது மறுபடி எடை போட்டுக் காட்டுங்க. அப்புறம், யாராவது 1818 என்று போட்டு ராமர் பட்டாபிஷேகம் பொறித்த காசைக் கொண்டுவந்து லட்சக்கணக்கில் போகும் என்பார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்லை. பழைய காசு வாங்குவதாகச் சொல்லிக் கமிஷன் கேட்கும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரித்திருக்கு. அரங்கில் விற்பனை, விலை பேசுவது எதுவும் வேண்டாம். நூறு வருஷம் தாண்டினது தொல்பொருள் சட்டத்தில் வரும், விற்க உரிமம் வேண்டும். வாசலிலேயே எழுதி ஒட்டிடுங்க.