டிராக் வண்டிக்குக் கையால் ஃபைபர் பேனல்: செய்தவர்கள் சொல்லுங்கள்

ட்யூப்சேஸிஸ்:
பைப் சட்டத்தில் கட்டிய ஒற்றை இருக்கை வண்டி. டிராக்கில் மட்டும் ஓடும். மூக்கு, இரண்டு பக்கப் பேனல், இன்ஜின் மூடி பாக்கி. வெளியே கொடுத்தால் மோல்டுக்கே (அச்சுக்கே) காசு கரைந்துவிடும். குறைந்த செலவில் செய்தவர்கள் அளவோடு சொன்னால் நல்லது.

தகரவேலை:
தம்பி, எல்லாவற்றையும் ஃபைபரில் செய்ய வேண்டியதில்லை. பக்கப் பேனல் ஒரே திசையில் வளைகிறதென்றால் 1 மி.மீ. அலுமினியத் தகடு போதும். சதுர மீட்டருக்கு 2.7 கிலோதான் வரும். மூன்று மேட் (ரெசினில் நனைக்கும் கண்ணாடி இழை விரிப்பு) போட்ட ஃபைபர் அதே பரப்புக்கு 4 கிலோவைத் தாண்டும். 0.8 மி.மீ. இரும்புத் தகடு என்றால் 6 கிலோவுக்கு மேல். முதலில் அட்டையில் வெட்டி வண்டியில் வைத்துப் பாருங்கள், பிறகு தகட்டில் கை வையுங்கள். ஓரத்தை 10 மி.மீ. உள்ளே மடித்துவிட்டால் ஓடும்போது தகடு படபடக்காது. இரண்டு திசையிலும் வளையும் மூக்குக்கும் இன்ஜின் மூடிக்கும் மட்டும் ஃபைபரை வைத்துக்கொள்ளுங்கள்.

ரெசின்வாளி:
அண்ணன் சொன்னது சரி. அந்த இரண்டிலும் மூக்குக்கு மட்டும் மோல்டு எடுங்கள், ஏனென்றால் உடைகிற பாகம் அதுதான். அடுத்த மூக்கு அரை நாள் வேலையில் வந்துவிடும். இன்ஜின் மூடி ஒன்றே ஒன்று போதும். ஃபோமைச் செதுக்கி அதன்மேலேயே மேட் போட்டு, காய்ந்ததும் ஃபோமைச் சுரண்டி எடுத்துவிடலாம். ஆனால் மேல்பக்கம் கரடாக வரும். பட்டி போட்டுத் தேய்க்கும் வேலை அதிகம்.

ஃபோம் வாங்கும்போது கவனம். தெர்மோகோல் மேல் பாலியெஸ்டர் ரெசின் பட்டால் அதிலுள்ள ஸ்டைரீன் என்ற கரைப்பான் தெர்மோகோலைக் கரைத்துவிடும். பியூ (பாலியூரித்தேன்) ஃபோம் வாங்குங்கள். கையில் தெர்மோகோல்தான் இருக்கிறதென்றால் இடைவெளி இல்லாமல் பிரவுன் டேப் சுற்றுங்கள். எபாக்ஸி தெர்மோகோலைக் கரைக்காது, ஆனால் விலை கூடுதல். சாதாரண மேட்டில் இழைகளைப் பிடித்திருக்கும் பசை ஸ்டைரீனில்தான் இளகும். எபாக்ஸிக்கு நெய்த துணிதான் ஒத்துவரும்.

கலவைக்கு வருவோம். ரெசினைக் கெட்டியாக வைப்பது கேட்டலிஸ்ட், அதை வேகப்படுத்துவது கோபால்ட் திரவம். கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒருபோதும் நேரடியாகச் சேர்க்காதீர்கள், வெடிக்கும். ஒரே அளவுகோப்பையை இரண்டுக்கும் பயன்படுத்துவதும் கூடாது. ரெசினில் முதலில் கோபால்ட்டை நன்றாகக் கலக்கி, மேட் போடும் நேரத்தில் மட்டும் கேட்டலிஸ்ட்டை ஊற்றுங்கள். ரெசின் வாங்கும்போதே இளஞ்சிவப்பாக இருந்தால் கோபால்ட் ஏற்கெனவே கலந்திருக்கலாம். கடையில் கேட்காமல் மறுபடி சேர்க்காதீர்கள். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோ ரெசினுக்குக் கேட்டலிஸ்ட் 10 மி.லி. போதும், மழைக்காலத்தில் 15 வரை போகலாம். காலையில் 100 கிராம் கலக்கிப் பாருங்கள். 15 முதல் 20 நிமிடத்தில் அது கெட்டியாகக் கட்டினால் சரி.

கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் பார்வைக்கு ஆபத்து. கண்ணாடி போடாமல் டப்பாவைத் திறக்கவே கூடாது. தெறித்துவிட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே கண் மருத்துவரிடம் போங்கள். ஸ்டைரீன் ஆவிக்குத் துணி மாஸ்க் பயன்படாது, கார்பன் கார்ட்ரிட்ஜ் உள்ளது வேண்டும்.

ட்யூப்சேஸிஸ்:
மூக்கு ஒன்றரை சதுர மீட்டர் வரும். எவ்வளவு சாமான் வாங்கட்டும்?

ரெசின்வாளி:
மோல்டைச் சேர்க்காமல் மூக்குப் பாகத்துக்கு மட்டும் சொல்கிறேன். 450 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 450 கிராம்) மேட் மூன்று அடுக்கு என்றால் நாலரை சதுர மீட்டர், ஏறக்குறைய 2 கிலோ. மேட் எடையைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் குடிக்கும், ஆக 5 கிலோ. வெளிப்பக்கத்துக்கு முதலில் பூசும் நிற ரெசினான ஜெல்கோட் ஒரு கிலோ. வாளியிலும் பிரஷ்ஷிலும் நிற்பதற்குப் பத்து சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். ஓர் அடுக்கு ஏறத்தாழ ஒரு மி.மீ. கனம் தரும். மோல்டு பாகத்தைப்போல இரண்டு மடங்கு கனம் இருக்க வேண்டும். அதை ஒரே மூச்சில் போட்டால் சூட்டில் முறுக்கிக்கொள்ளும், இரண்டு நாளாகப் பிரித்துப் போடுங்கள்.

கிரைண்டர்காரர்:
செலவு ரெசினில் இல்லை சார், மோல்டு எடுப்பதற்காக முதலில் செய்யும் மாதிரி உருவத்தைத் தேய்ப்பதில் இருக்கிறது. அதில் இருக்கும் ஒவ்வொரு கீறலும் மோல்டில் பதியும், மோல்டிலிருந்து ஒவ்வொரு மூக்கிலும் வரும். 6 மி.மீ. பிளைவுட்டில் குறுக்குவெட்டு வடிவங்களை வெட்டி 150 மி.மீ. இடைவெளியில் நிறுத்தி, நடுவில் ஃபோம் நிரப்பி, பட்டி போட்டு, உப்புத்தாள் 80, 120, 220, 400, 800 என்று வரிசையாகப் போங்கள். நடுவில் ஒரு நம்பரைத் தாண்டினால் பழைய கோடு அடியிலேயே நிற்கும். மேலே என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் வேண்டாம், ஸ்டைரீன் பட்டால் சுருங்கிவிடும். டூகே பெயின்ட் (ஹார்டனர் கலந்து அடிப்பது) அடித்து நன்றாகக் காயவிடுங்கள்.

மெழுகு ஐந்து கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு மணி நேரம். சிலிகோன் கலந்த கார் பாலீஷைக் கிட்டேயே கொண்டுவராதீர்கள். மெழுகுக்கு மேல் பிவிஏ (தண்ணீரில் கரையும், ஒட்டாமல் தடுக்கும் திரவம்) ஒரு படலம். புது மோல்டில் இதை விட்டால் பாகம் ஒட்டிக்கொண்டு மோல்டோடு உடையும். கழற்றும்போது மரக்கீற்றைச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் செருகி, இடுக்கில் தண்ணீர் விடுங்கள். பிவிஏ கரைந்து வழிவிடும்.

இன்னொன்று, வெளியே வராத வடிவம். மூக்கின் அடிப்பகுதி உள்ளே மடங்கினால் மோல்டை நடுவில் இரண்டாகப் பிரித்து, 50 மி.மீ. அகல ஓரம் வைத்து, போல்ட் போட்டு இணைக்க வேண்டும். முழுசாக எடுத்துவிட்டுப் பிறகு யோசித்தால் அறுக்கத்தான் வேண்டும்.

ட்யூப்சேஸிஸ்:
சோதனைத் துண்டு ஒன்று போட்டேன், ஜெல்கோட் முதலைத் தோல் போலச் சுருங்கிவிட்டது.

கிரைண்டர்காரர்:
ஜெல்கோட் மெல்லிசாக இருந்திருக்கும், இல்லையென்றால் சரியாகக் கட்டும் முன் மேட் போட்டிருப்பீர்கள். பின்னால் வரும் ரெசினின் ஸ்டைரீன் அதை ஊறவைத்துவிடும். அரை மி.மீ. கனம் வேண்டும். விரலால் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், ஆனால் நிறம் விரலில் ஒட்டக் கூடாது. அந்த நேரம்தான் சரி. முதல் மேட் 300 ஜிஎஸ்எம். ஓரத்தைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழியுங்கள், இணைப்பு தெரியாது. கூரான மூலையில் மேட் படியாது, உள்ளே காற்று நின்று பின்னால் ஜெல்கோட் சில்லு சில்லாகப் பெயரும். அங்கே வெட்டிய இழையையும் டால்க் பவுடரையும் ரெசினில் குழைத்து முதலில் நிரப்புங்கள்.

தகரவேலை:
கோவை கரி ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் மாதிரி மாணவர் போட்டிக்கு என்றால், மூக்கின் முன் விளிம்பு ஆரம் 38 மி.மீ.க்குக் குறையக் கூடாது. மாதிரி உருவத்திலேயே அளந்துவிடுங்கள், பாகம் வந்தபிறகு கூட்ட முடியாது.

மாட்டும் இடத்தில் மட்டும் மூன்று அடுக்கு கூடுதலாகப் போட்டு, இரண்டு பக்கமும் அகல வாஷர் வையுங்கள். வெறும் ரிவெட் அடித்தால் அதிர்வில் ஓட்டை நீண்டு கிழியும். துளை ஓரத்திலிருந்து 20 மி.மீ.யாவது உள்ளே இருக்கட்டும். இன்ஜின் மூடி அகலமாக இருந்தால் உட்பக்கம் பியூ ஃபோம் பட்டையை ஒட்டி மேலே இரண்டு மேட். மூடியின் வெளி அடுக்கு முழுசாகக் காய்ந்தபின் போடுங்கள், ஈரத்திலேயே போட்டால் பட்டையின் கோடு வெளியே தெரியும். சைலன்ஸர் குழாய்க்கு நேர் மேலே வரும் இடத்தில் சாதாரண ரெசின் இளகும். மூடிக்கும் குழாய்க்கும் நடுவில் அலுமினியத் தகடு ஒன்றை, இரண்டு பக்கமும் காற்று போகிற மாதிரி 15 மி.மீ. இடைவெளி விட்டு, சட்டத்தில் மாட்டுங்கள். மூடியோடு சேர்த்து ரிவெட் அடிக்காதீர்கள்.