டிசம்பரில் வீட்டுப்பள்ளியை மூடுவதா, நடத்துவதா?

வெருலம் மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே வெருலத்தில் இருக்கிறோம், பிள்ளைகள் மூன்று பேருக்கும் படிப்பு வீட்டில்தான். பெரியவள் கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ (பத்தாம் வகுப்பு மாதிரியான தேர்வு) எழுதிக்கொண்டிருக்கிறாள், நவம்பர் நடுவில் முடியும். இரண்டாமவன் ஆறாம் வகுப்பு. கடைக்குட்டிக்கு அடுத்த மார்ச்சில் ஆறு வயது.

வருடம் முழுக்க ஓரளவு ஒழுங்காக ஓடுகிற அட்டவணை, வெயில் காலம் தொடங்குகிற இந்த ஒரு மாதத்தில் சுத்தமாகப் படுத்துவிடுகிறது. என் மாமியார் மாங்காய் ஊறுகாய் போட்டு விற்பவர் (இங்கே எல்லாருக்கும் அது அச்சார்). நவம்பர் கடைசியில் ஆர்டர் குவியும். நாங்கள் பாடம் படிக்கிற மேசையும் அவர் மாங்காய் நறுக்குகிற மேசையும் ஒன்றுதான், அதனால் பூகோளப் புத்தகத்தில்கூட மஞ்சள் கறை. டிசம்பர் 1 வந்தால் ஷாட் மீன் பிடிக்கத் தடை நீங்கிவிடும். அப்பாவும் மகனும் இருட்டோடு தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போவார்கள், பத்து மணிக்கு அவன் பின்னக் கணக்கின் மேலேயே தலை வைத்துத் தூங்குவான். இரண்டாவது வாரத்தில் அரசுப் பள்ளிகள் மூடியதும் தெருப் பிள்ளைகள் கேட்டைப் பிடித்துத் தொங்குவார்கள். அதற்குள் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து நாத்தனார் குடும்பம் வந்து இறங்கும், எப்போது திரும்புவார்கள் என்று நான் கேட்க முடியாது. நடுவில் கார்த்திகை தீபம். மதியம் இரண்டு மணிக்குப் புழுக்கத்தில் பென்சில் கையில் நிற்காது, நாலு மணிக்கு இடி, சில நாள் மின்சாரமும் போய் ஆன்லைன் வகுப்பும் சேர்ந்து போகும்.

திருநெல்வேலியில் இருக்கும் அம்மாவிடம் போனில் புலம்பினால், "கார்த்திகையில் என்னடி கோடை லீவு?" என்று சிரிக்கிறார்.

என் கேள்வி இதுதான். அரசுப் பள்ளியோடு சேர்ந்து மூடிவிட்டு ஜனவரி நடுவில் திறப்பதா, அல்லது இழுத்துப் பிடித்து நடத்திவிட்டு, வெக்கை உச்சத்தில் இருக்கும்போது தைப்பூசக் காவடியை ஒட்டி லீவு விடுவதா? ஆறாம் வகுப்புக்காரனின் மதிப்பீட்டுக்கு டிசம்பர் மாத வேலையையும் காட்ட வேண்டுமா? சின்னவளுக்கு இப்போதே பதிய வேண்டுமா?

லெனேஷியா அப்பா:

டிசம்பரில் பெட்டியோடு வந்து இறங்குகிற ஜோகன்னஸ்பர்க் நாத்தனார் குடும்பம் நாங்கள்தான் (உங்கள் வீட்டுக்கு இல்லை, உம்லாங்காவில் வேறு ஒரு பாவப்பட்ட அண்ணி வீட்டுக்கு). அதனால் என் பேச்சைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படியுங்கள்.

முதலில் சட்டம். 2024 செப்டம்பர் 13 அன்று கையெழுத்தான பேலா சட்டத்தில் (பள்ளிக் கல்விச் சட்டங்களைத் திருத்திய சட்டம்) வீட்டுக்கல்விக்காரர்களுக்கு முக்கியமானவை இரண்டு. மாகாணக் கல்வித் துறையில் பதிவு, அப்புறம் ஒவ்வொரு கட்டம் முடியும்போதும், அதாவது 3, 6, 9 ஆம் வகுப்புகளின் முடிவில், தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் அறிக்கை. பையன் அந்த வகுப்புக்கு உரியதைக் கற்றிருக்கிறானா என்பதுதான் அதில் பார்க்கப்படுவது. டிசம்பர் இரண்டாவது வாரத்தில் அவன் மேசையில் இருந்தானா, கடற்கரையில் இருந்தானா என்பது அங்கே பேச்சே இல்லை. ஆனால் ஒன்று, அவன் ஆறாம் வகுப்பு என்றால் இந்த வருடமே அவனுக்கு அறிக்கை வேண்டும். அதை நவம்பரிலேயே முடித்துவிடுங்கள். டிசம்பர் பாதிக்கு மேல் இந்த நாட்டில் பிளம்பரே கிடைக்கமாட்டார், மதிப்பீட்டாளர் எங்கே கிடைக்கப்போகிறார்? ஜனவரியில் பார்த்துக்கொள்ளலாம் என்றால், ஜனவரி பாதி வரை எல்லா அலுவலகத்திலும் போன் அடித்துக்கொண்டேதான் இருக்கும்.

மதிப்பீட்டாளரிடம் காட்டுகிற போர்ட்ஃபோலியோவுக்கு (பிள்ளை செய்த வேலைகளின் தொகுப்பு) மூட்டை மூட்டையாகத் தாள் சேர்க்காதீர்கள். ஒரு பாடத்தில் வருடத் தொடக்கத்தில் செய்தது கொஞ்சம், நடுவில் கொஞ்சம், கடைசியில் கொஞ்சம், எல்லாவற்றிலும் தேதி. தேதி இல்லாத தாளை வைத்துக்கொண்டு முன்னேற்றத்தை யாருக்கும் காட்ட முடியாது.

சின்னவளுக்குப் பதிய வேண்டும். கிரேடு ஆர் (முதல் வகுப்புக்கு முந்தைய வகுப்பு) இப்போது கட்டாயம், பிள்ளைக்கு ஆறு வயது ஆகிற வருடமே. விண்ணப்பத்தை இப்போதே போட்டு, போட்டதற்கான அத்தாட்சியைப் பத்திரமாக வையுங்கள். என் அனுபவத்தில் விண்ணப்பத்தைவிட அத்தாட்சிதான் அதிகம் கேட்கப்படும்.

லீவு விஷயத்தில் என் கட்சி: மூடுங்கள், கணக்கை மட்டும் விடாதீர்கள். தினமும் அரை மணி நேரம் போதும். மற்ற பாடம் எல்லாம் ஜனவரியில் இரண்டு நாளில் திரும்பி வந்துவிடும், நீள் வகுத்தல் வராது.

டோங்காட் பெரியம்மா:

தம்பி சொன்ன சட்டம் எல்லாம் சரி, மூடுங்கள் என்பதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மகளே, இங்கே டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்னாலேயே விடிந்துவிடுகிறது. ஐந்தரைக்கு உட்காருங்கள், எட்டு மணிக்கு ஏட்டுப் படிப்பு முடிந்தது. நாத்தனார் பிள்ளைகள் எழுந்து பல் விளக்குவதற்குள் உங்கள் பள்ளி விட்டாயிற்று. ஷாட் பிடிக்கப் போகிற நாளில் அது வேண்டாம், மீனே பாடம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு மீன், 30 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் திரும்பக் கடலில் விட வேண்டும், அக்டோபரும் நவம்பரும் பிடிக்கவே கூடாது. ஏன் அந்த இரண்டு மாதம் என்று பையனைக் கேளுங்கள். முட்டையிடும் காலம் என்பதை அவனே கண்டுபிடிக்கட்டும்.

ஊறுகாய் மேசையை எதற்குச் சண்டை போட்டு மீட்கிறீர்கள்? உப்புப் போடும் முன் மாங்காய் எத்தனை கிலோ, வெயிலில் காய்ந்த பிறகு எத்தனை கிலோ, எத்தனை சதவீதம் குறைந்தது, எண்ணெய் விலை, பாட்டில் விலை, ஒரு பாட்டிலுக்கு என்ன மிஞ்சும்? ஆறாம் வகுப்புக்கு இதற்கு மேல் என்ன கணக்கு வேண்டும். மழை வந்து காயப்போட்டது கெட்டுப்போனால் நஷ்டக் கணக்கு.

பெரியவளுக்கு வேறு வேலை வைத்திருக்கிறேன். நவம்பர் 16 வருகிறது. 1860 இல் அந்த நாளில்தான் மதராசிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 342 பேரோடு டர்பனுக்கு வந்து சேர்ந்தது. ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களைப் பேர், ஊர், வயது, அப்பா பேர், அங்க அடையாளம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு எண் போட்டுக் கப்பல் பட்டியலில் எழுதி வைத்திருக்கிறார்கள். அவள் தேர்வு முடிந்ததும் கிரேவில் பக்கம் டெர்பி தெருவில் இருக்கும் 1860 மரபுரிமை மையத்துக்கு ஒரு தடவை கூட்டிப் போங்கள். அப்புறம் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் கப்பல், எந்தக் கரும்புத் தோட்டம், யார் யாருக்கு என்ன உறவு என்று கேட்டு எழுதட்டும். எங்கள் வயசுப் பொம்பளைகளை நாற்காலியில் உட்கார வைத்துப் பேட்டி எடுத்தால் "ஒண்ணும் ஞாபகம் இல்லை" என்போம். கை மாங்காய் நறுக்கும்போதுதான் வாய் திறக்கும்.

சாயங்காலம் இடி இல்லாத நாளில் மவுண்ட் மோர்லேண்ட் நாணல் பக்கம் போங்கள், உங்களுக்குக் கிட்டத்தான். ஐரோப்பாவிலிருந்து வருகிற தகைவிலான் குருவிகள் பொழுது சாயும்போது கூட்டமாக வந்து இறங்கும். சில வருடம் வேறு நாணலுக்குப் போய்விடும், விசாரித்துவிட்டுப் போங்கள்.

பிரிட்டோரியா டீச்சர்:

பெரியம்மா கோபிக்க வேண்டாம், நான் யாழ்ப்பாணத்துக்காரி, இங்கே பள்ளியில் பல வருடம் படிப்பித்தவள். எல்லாவற்றையும் பாடமாக்காதேங்கோ என்றுதான் சொல்வேன். பிள்ளை மீன் பிடித்தால் அது மீன் பிடித்ததாகவே இருக்கட்டும். ஒவ்வொரு மீனுக்கும் ஒரு பயிற்சித்தாள் என்றால் அடுத்த வருடம் அவன் தூண்டிலையே தொட மாட்டான்.

இந்த நாட்டில் வீட்டுக்கல்விக்கு எல்லாரும் காந்தியைத்தான் உதாரணம் காட்டுவினம், ஜோகன்னஸ்பர்க் பக்கம் அவர் நடத்திய டால்ஸ்டாய் பண்ணையில் தானே பாடம் நடத்தினார், தமிழ்ப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார் என்று. உண்மைதான். ஆனால் தன் சொந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நேரம் கிடைத்தபோது மட்டும் படிப்பித்ததும் அவர்தான். முறையான படிப்பு கிடைக்கவில்லை என்ற மனக்குறை மூத்தவர் ஹரிலாலுக்குக் கடைசிவரை போகவில்லை. அதனால் நடத்துகிற நேரம் சின்னதாக இருந்தாலும் நிச்சயமாக இருக்க வேண்டும், மிச்ச நேரம் உண்மையிலேயே லீவாக இருக்க வேண்டும். இரண்டையும் கலந்தால் பிள்ளைகளுக்குப் படிப்பும் இல்லை, லீவும் இல்லை.

பெரியவளை முதல் இரண்டு கிழமை நித்திரை கொள்ள விடுங்கோ. தேர்வு முடிவு ஜனவரியில்தானே வரும். குடும்ப வரலாறு எங்கேயும் ஓடிப் போகாது.

வெருலம் மருமகள்:

எல்லாருக்கும் நன்றி. மதிப்பீட்டாளருக்கு நேற்றே எழுதிவிட்டேன், நவம்பர் கடைசி வாரத்தில் நேரம் தந்திருக்கிறார். சின்னவள் விண்ணப்பத்துக்குச் சான்றிதழ் நகல்களை எடுத்து வைத்தாயிற்று.

பெரியம்மாவின் ஐந்தரை மணியையும் டீச்சரின் உண்மையான லீவையும் சேர்த்துக்கொள்கிறேன். காலையில் கணக்கும் வாசிப்பும் மட்டும், எட்டுக்கு மேல் புத்தகத்தைத் தொட்டால் அபராதம் (எனக்கும்தான்). கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு முடியும்வரை அதுவும் கிடையாது. மாங்காய்க் கணக்கு ஒரே ஒரு ஆர்டருக்கு மட்டும். மகனிடம் சொன்னதும், லாபத்தில் தனக்கு எவ்வளவு என்று பாட்டியிடம் பேரம் ஆரம்பித்துவிட்டான்.

பெரியம்மா, ஒரு சந்தேகம். கராஜ் கூரையில் பழைய பெட்ஷீட் விரித்து மாங்காய் காயப்போட்டால் குரங்குக் கூட்டம் வந்துவிடுகிறது. ஒவ்வொரு துண்டாகக் கடித்துப் பார்த்து, உப்பு என்று துப்பிவிட்டு அடுத்ததை எடுக்கிறது. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

டோங்காட் பெரியம்மா:

மேலே கொசுவலை, நாலு மூலையிலும் செங்கல். அப்படியும் ஒரு ஆள் காவல் வேண்டும். நாத்தனார் பிள்ளைகள் சும்மாதானே இருக்கிறார்கள், கூரை பக்கத்தில் உட்கார வையுங்கள்.