இரண்டாம் கியரில் 'கர்ர்' சத்தம்: திருகோணமலைக்காரர் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

உப்புவெளி வேன்காரன்:
என்னுடையது இருபது வருடத்துக்கு மேல் பழசான டீசல் வேன். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், மற்ற நேரம் நிலாவெளிப் பக்கம் ஹயர். போன வருடம் ஒரு சேர்விஸ் செய்த பிறகு மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போதெல்லாம் 'கர்ர்' என்று ஒரு சத்தம். பிள்ளைகள் அதைப் பாடமாக்கிவிட்டார்கள், நான் கிளச்சை மிதித்தால் போதும், பின்னாலிருந்து எல்லாரும் சேர்ந்து 'கர்ர்' என்று கத்துவார்கள். கிளச் பிளேட்தான் என்று நினைத்து அதை மாற்றினேன். காசு போனது, சத்தம் போகவில்லை.

கடைசியில் சீனன்குடாப் பக்கம் ஒரு வயதான மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. "தம்பி, கடைசியா என்ன ஒயில் விட்டது?" என்றுதான் கேட்டார். அப்போதுதான் நினைவு வந்தது, சேர்விஸ் செய்த இடத்தில் கியர் பொக்ஸுக்கும், பின் சில்லுகளுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்சலுக்கும் ஒரே கேனிலிருந்துதான் ஊற்றினார்கள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் நான்தான், ஒன்றும் கேட்கவில்லை.

ஒயிலை இறக்கி வெள்ளைத் துணியில் கொஞ்சம் ஊற்றி வெயிலில் காட்டினார். பொன் தூள் தூவினமாதிரி மினுங்கியது. அதெல்லாம் பித்தளை. ஒயில் இறக்கும் துளையிலிருந்து கழற்றிய பிளக்கில் காந்தம் இருந்தது, அதில் பெரிதாக ஒன்றும் ஒட்டவில்லை. காந்தம் இரும்பைத்தானே பிடிக்கும். அதனால் பிளக் சுத்தமாக இருக்கிறதென்று யாரும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

அவர் சொல்லித்தான் எனக்கே விளங்கியது. நாம் கியர் மாற்றும்போது பல்சக்கரங்கள் நகர்வதே இல்லையாம், வண்டி முன்னால் போகிற கியர்கள் எல்லாம் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடிதான் சுற்றுகின்றன. நகர்வது நடுவில் இருக்கும் ஒரு வளையம், ஸ்லீவ் என்கிறார்கள். அது போய்ப் பூட்டுவதற்கு முன்னால் பித்தளை சிங்குரோ ரிங் கியரின் கூம்பில் அழுந்தி, உரசி, இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்க வேண்டும். வேகம் ஒன்றாகும்வரை ரிங்கின் பற்களே ஸ்லீவை மறித்து நிற்கும். உரசினால்தான் அதற்கு வேலை நடக்கும்! ஊற்றியதோ டிஃபரன்சலுக்கான ஜிஎல்-5 ஒயில். அந்த வகை பலதில் கந்தகச் சேர்மானம் கூட, ரிங்குக்கு வழுக்கலும் அதிகம், சூட்டில் பித்தளையையும் மெல்ல அரிக்கும். இரண்டுக்கும் மூன்றுக்கும் ரிங் மாற்றி, கியர் பொக்ஸுக்கான ஜிஎல்-4 ஒயில் விட்டோம். இப்போது சத்தமே இல்லை.

உவர்மலை மைனர்:
உங்களுக்காவது ரிங் தேய்ந்தது, என் மொரிஸ் மைனரின் முதல் கியரில் ரிங்கே கிடையாது. காடிலாக்கில் 1928இலேயே சிங்குரோ வந்துவிட்டது, ஆனால் மைனர் 1971இல் உற்பத்தி நிற்கும்வரை முதல் கியர் அப்படியேதான். நின்ற பிறகுதான் போட வேண்டும் என்று அப்பா படித்துப் படித்துச் சொன்னார். ஒரு வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது கோட்டைக்குள் நடு றோட்டில் ஒரு மான். அது பாட்டுக்கு நிற்கிறது. இரண்டில் உருண்டுகொண்டே வந்து, மான் விலகியதும் அவசரத்தில் ஒன்றை அமுக்கினேன். அந்தச் சத்தத்துக்கு மானே துள்ளி ஓடியது, கடலை விற்கிற ஆச்சி திரும்பிப் பார்த்தா. இப்போது கிளச் மிதித்து நியூட்ரல், கிளச்சை விட்டு அக்ஸிலேற்றர் ஒரு தட்டு, மறுபடி கிளச், பிறகு ஒன்று. ரிங் செய்கிற வேலையை என் கால் செய்கிறது. பழகிவிட்டால் அதுவும் ஒரு சுகம்தான்.

தம்பலகாமத்தான்:
சிரிக்காமல் வாசியுங்கள். மாமாவின் பழைய காருக்கு நானும் தம்பியும் வீட்டு முற்றத்தில் பாயை விரித்துக் கியர் பொக்ஸைப் பிரித்துப் பூட்டினோம். முடிவில் ஒரு சின்னப் பின் மிஞ்சிவிட்டது. விரல் நுனி அளவுகூட இல்லை, கூடுதலாகப் போட்டிருப்பான்கள் என்று தம்பி அதைத் தீப்பெட்டியில் போட்டு வைத்தான். பாலம்போட்டாறு தாண்டவில்லை, இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றியதும் கார் தடால் என்று நின்றது. தள்ளினாலும் அசையவில்லை. அந்தப் பின், ஸ்லீவுகளை நகர்த்துகிற தடிகளுக்கு நடுவில் இருப்பது, ஒரு தடி நகர்ந்தால் மற்றதைப் பூட்டிவிடும். அது இல்லாததால் இரண்டும் மூன்றும் ஒன்றாக விழுந்துவிட்டன. ஒரே தண்டை இரண்டு வேகத்தில் சுற்றச் சொன்னால் அது எப்படிச் சுற்றும்? ட்ராக்டரில் கட்டி இழுத்துத்தான் கொண்டுவந்தோம். நல்ல காலம் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தோம்.

கிண்ணியா ஷிஃபா:
நான் புதிதாக ஓட்டப் பழகுகிறேன். ரிவர்ஸில் மட்டும் ஏன் கார் ஊளையிடுகிறது? சில நேரம் விழவும் மாட்டேன் என்கிறது. ஏதும் பழுதா?

உவர்மலை மைனர்:
பழுதில்லை மகள். முன் கியர்களுக்குப் பல் சாய்த்து வெட்டியிருக்கும், ஒரு பல் விடுவதற்குள் அடுத்தது பிடித்துவிடும், அதனால் சத்தம் குறைவு, பாரமும் பல பற்களுக்குப் பகிரும். ரிவர்ஸுக்குப் பல கார்களில் நேர்ப் பல், பல இடத்தில் சிங்குரோவும் இல்லை. முழுக்க நின்று, கிளச்சை மிதித்து, முதலில் ஒன்றைத் தொட்டுவிட்டுப் பிறகு ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். ஒன்றின் ரிங் உள்ளே சுற்றுகிற தண்டை நிறுத்திவிடும் (என் மைனரில் இது நடக்காது, உங்களுடையதில் நடக்கும்).

கந்தளாய் லொறி:
என் தவறு கையில். கியர் லிவரின் மேல் கையை வைத்துக்கொண்டே ஓட்டுகிற பழக்கம், ஸ்டைல் என்று நினைப்பு. கை வைத்தால் உள்ளே ஸ்லீவைத் தள்ளுகிற கவை, ஃபோர்க் என்பார்கள், அது சுற்றுகிற ஸ்லீவை உரசிக்கொண்டே இருக்கும். நாள்பட ஃபோர்க் தேய்ந்தது, ஸ்லீவ் முழுசாக உள்ளே போகாமல் பாதியில் பூட்டியது, பூட்டுப் பற்களின் நுனியும் மழுங்கியது. அந்தப் பற்களை உள்பக்கமாகக் கொஞ்சம் ஒடுங்க வெட்டியிருப்பார்கள், இழுவை ஏற ஏற ஸ்லீவ் இன்னும் உள்ளேதான் இழுபடும். அந்தச் சரிவு போனால் அக்ஸிலேற்றரை விட்டதும் கியர் தானாகக் கழரும். ஹபரணைக் காட்டு றோட்டில் மூன்றாம் கியர் கழராமல் லிவரை முழங்காலால் அமர்த்திக்கொண்டு இரவில் வந்தது மறக்காது, அதுவும் யானைக்குப் பயந்து பயந்து.

கிண்ணியா ஷிஃபா:
ஒன்றைத் தொட்டுவிட்டுப் போட்டேன், ரிவர்ஸ் வெண்ணெய் மாதிரி விழுகிறது! வேன்காரர் அண்ணா, புது ரிங்குக்கு ஏதும் பார்க்க வேண்டுமா?

உப்புவெளி வேன்காரன்:
கொஞ்ச நாளைக்கு அவசரப்பட்டு இறக்காதீர்கள் தங்கச்சி. லிவரை மெல்ல அழுத்திப் பிடித்தால் ரிங் விடும்போது அதுவாகவே உள்ளே போகும், அடித்துத் தள்ளத் தேவையில்லை. ஒயில் மாற்றும்போது கேனில் எழுதியிருப்பதை நின்று வாசியுங்கள். வேன் இப்போது அமைதி, பிள்ளைகள்தான் இன்னும் 'கர்ர்' என்கிறார்கள்.