இடுப்பு மூட்டு மாற்றிய பிறகு தரை எட்டவில்லை: உங்கள் அனுபவம் என்ன?

கும்பகோணம், 61 வயது

எனக்கு வலது பக்க இடுப்பு மூட்டை மாற்றி வருகிற தையோடு ஒரு வருஷம். ஆபரேஷனுக்கு மறுநாள் காலையிலேயே வாக்கரைக் கையில் கொடுத்து நிற்க வைத்துவிட்டார்கள். பயந்த அளவுக்கு அது ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. நம் வீட்டில் எல்லாமே தரையில்தான் இருக்கிறது.

அரிவாள்மணை தரையில். தண்ணீர்க் குடம் தரையில். குளிக்கிற வாளி, அரிசி டின், சாமி விளக்கு எல்லாம் தரையில். டாக்டர் எனக்குச் சொன்னதோ மூன்று விஷயம். இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, ஆபரேஷன் செய்த கால் பாதத்தை உள்பக்கம் திருப்பக் கூடாது. பின்பக்கமாகத் திறந்து வைத்த மூட்டு, சுற்றியுள்ள தசை ஆறுகிற வரைக்கும் நழுவ வாய்ப்பு உண்டாம். முன்பக்கமாகத் திறந்து செய்தவர்களுக்குக் கட்டுப்பாடு வேறு மாதிரி இருக்கும் என்றார், அதனால் என்னைப் பார்த்து யாரும் அப்படியே செய்ய வேண்டாம். 90 டிகிரி எனக்கு எப்படித் தெரியும்? பிசியோ பெண்தான் புரிய வைத்தாள்: “உட்காரும்போது முட்டி இடுப்பை விட மேலே போகக் கூடாதும்மா.” எங்கள் வீட்டில் எதில் உட்கார்ந்தாலும் முட்டி மேலேதான் போனது. சோபா இன்னும் மோசம், உள்ளே இழுத்துக்கொள்ளும்.

மகன் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்று சொருகி, மேலே கெட்டியான குஷன் போட்டான். கட்டிலின் நாலு காலுக்கும் கீழே பள்ளம் வெட்டிய மரக்கட்டை. வாளி முக்காலிமேல் ஏறியது. காய் நறுக்குவது மேடையில், நின்றுகொண்டு. நாற்பது வருஷம் அரிவாள்மணையில் நறுக்கிய கைக்குக் கத்தி பிடிபடவே இல்லை, பீன்ஸ் எல்லாம் கோணல்மாணல்.

பத்தாவது நாளோ என்னவோ, வீட்டில் யாரும் இல்லை. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையைப் பிரிக்கும்போது கை தவறி உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. ஒட்டடைக் கம்பால் கால்பக்கம் வரை தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கு மேல்? குனிய முடியாது. இரண்டடி தூரத்தில் அது கிடக்கிறது, நான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நிற்கிறேன். அட்டையில் இன்னொரு மாத்திரை இருந்தது, அதைப் போட்டுக்கொண்டிருக்கலாம். ஆனால் பிடிவாதம் வந்துவிட்டது. கடைசியில் பக்கத்து வீட்டுப் பையன் ஸ்கூல் விட்டு வந்துதான் எடுத்தான். “பாட்டி, இதுல எறும்பு இருக்கு” என்றான். அன்றைக்குத்தான் அழுதேன், ஆஸ்பத்திரியில்கூட அழவில்லை.

மற்றவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

கோவை, 37 வயது

அம்மா, நான் உங்களை விட 24 வயது சின்னவன், எனக்கும் இதே ஆபரேஷன்தான். தோல் நோய்க்கு ரொம்ப நாள் ஸ்டீராய்டு எடுத்ததில், தொடை எலும்பின் பந்துக்குப் போகிற ரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துவிட்டது. ஏவிஎன் என்பார்கள். கேட்கிறவர்கள் எல்லாம் “இந்த வயசிலேயா?” என்பார்கள். அதற்குப் பதில் சொல்லியே பாதி சோர்வு.

எனக்குத் தரை பிரச்சினை இல்லை, பைக்தான் பிரச்சினை. ஆறு வாரம் கழித்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர், நான் பத்து வாரம் விட்டேன். ஓட்டுவது பெரிதில்லை. காலைத் தூக்கி சீட்டைத் தாண்டிப் போடுவதும், சிக்னலில் வண்டி சாயும்போது அந்தக் காலால் தாங்குவதும்தான் பயம். பைக்கை விற்றுவிட்டு, முன்னால் கால் வைக்க இடமுள்ள ஸ்கூட்டர் வாங்கிவிட்டேன். நண்பர்கள் கேலி செய்தார்கள், செய்யட்டும்.

பஸ்ஸில் ஏற பிசியோ சொன்னது இன்னமும் வாய்க்குள் ஓடும்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். டவுன் பஸ் படி உயரத்துக்கு இதை யோசித்து முடிப்பதற்குள் விசில் அடித்துவிடுவார்கள். ஒரு தடவை கம்பியைப் பிடித்துக்கொண்டு நிதானமாக ஏறினேன். “பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க, சீக்கிரம் ஏறுங்க சார்” என்றார் கண்டக்டர். அதற்குப் பிறகு கைத்தடி தேவைப்படாத நாட்களிலும் கையில் வைத்திருந்தேன். எனக்காக இல்லை, பார்க்கிறவர்களுக்காக. ஒரு தடிக்கு இருக்கிற மரியாதை முகத்துக்கு இல்லை.

இன்னொன்று, யாரும் எழுத மாட்டார்கள், நான் எழுதுகிறேன். கல்யாணம் ஆனவர்கள் தாம்பத்தியம் பற்றி டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். நானும் என் மனைவியும் இரண்டு மாதம் ஆளுக்கொரு பக்கம் பயந்துகொண்டே படுத்திருந்தோம். கேட்டால் இரண்டு நிமிஷத்தில் பதில் சொல்லிவிட்டார், எப்படிப் படுப்பது என்பது உட்பட.

அப்புறம் விமான நிலையம். வாசல் கருவி கத்தத்தான் செய்யும். முதலிலேயே சொல்லிவிட்டு ஓரமாக நின்றால் கைக்கருவியால் பார்த்து அனுப்புகிறார்கள். டாக்டர் கடிதம் வைத்திருந்தேன், வாங்கிப் பார்க்கவே இல்லை.

திருச்சி, 54 வயது

எனக்குத் தூக்கம்தான். ஆறு வாரம் மல்லாந்தே படுக்க வேண்டும், நானோ ஒருக்களித்துச் சுருண்டு தூங்குகிறவன். இரண்டு கால் நடுவில் தலையணை வேறு. நடுராத்திரி விழித்துக்கொண்டு விட்டத்து மின்விசிறியின் இறக்கையை எண்ணுவேன். மூன்றுதான், எத்தனை தடவை எண்ணுவது. ஆபரேஷன் செய்த கால் நீளமாகிவிட்டது போலவும் ஒரு உணர்வு இருந்தது, சில மாதத்தில் சரியாகிவிட்டது.

தேனிப் பக்கம், அப்பாவுக்காக எழுதுகிறேன்

அப்பாவுக்கு 68. விவசாயம். எங்கள் வீட்டில் இருப்பது குத்துக்கால் வைத்து உட்காருகிற கக்கூஸ். அதன்மேலேயே வைக்கிற, நடுவில் ஓட்டை உள்ள நாற்காலி வாங்கினோம். “நான் என்ன கைக்குழந்தையா?” என்று இரண்டு நாள் சாப்பாட்டையே குறைத்துக்கொண்டார். அண்ணன்தான் முதலில் அதில் போய் உட்கார்ந்து காட்டினான். அப்புறம் சரி என்றார்.

மூன்றாவது வாரம் தையல் பிரித்ததும் “புண் ஆறிப்போச்சு” என்று அவராகவே ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டார், எங்களுக்குத் தெரியாது. கெண்டைக்கால் வீங்கியது. பக்கத்து வீட்டு அத்தை நல்லெண்ணெய் காய்ச்சி எடுத்துக்கொண்டு உருவிவிட வந்துவிட்டார். பிசியோ ஏற்கெனவே எச்சரித்திருந்ததால் நான் வாசலிலேயே மறித்தேன், அத்தைக்கு என்மேல் இன்னும் வருத்தம். ஸ்கேனில் உள்ளே ரத்தம் உறைந்திருந்தது தெரிந்தது. உருவியிருந்தால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம் என்றார் டாக்டர். தயவுசெய்து எண்ணெய்க்காரர்களை அண்டவிடாதீர்கள்.

இப்போது அப்பா வரப்பில் நடக்கிறார். தண்ணீர் பாய்ச்சுவதை நின்று பார்க்கிறார், மண்வெட்டி தம்பி கையில். போன மாதம் ஊரில் ஒரு துக்க வீடு. பெரியவர்கள் எல்லாரும் பந்தலில் தரையில் உட்கார்ந்திருக்க, இவருக்கு மட்டும் நாற்காலி போட்டார்கள். உட்காரவில்லை. சமவயதுக்காரர்கள் கீழே இருக்கும்போது மேலே உட்கார மனசு வரவில்லையாம். ஒரு மணி நேரம் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தார். இதற்கு எந்த டாக்டரிடம் போவது?

கும்பகோணம், 61 வயது

தேனித் தங்கச்சி, அப்பாவுக்கு அடுத்த தடவை நாற்காலியைப் பந்தலுக்குள் போடாமல் ஓரமாக, மரத்தடியில் போடச் சொல்லுங்கள். நான் கோவிலில் அப்படித்தான், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வேன். கண்ணுக்குத் தெரியாத இடம் என்றால் மனசு ஒத்துக்கொள்கிறது.

கோவைத் தம்பி, கைத்தடி யோசனையை எடுத்துக்கொண்டேன்.

கீழே விழுந்ததை எடுக்க இப்போது வழி தெரியும். ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டு, ஆபரேஷன் செய்த காலைப் பின்னால் நீட்டி, நல்ல காலில் குனிய வேண்டும். மூன்று மாதம் கழித்து பிசியோ பெண் சொல்லிக்கொடுத்தாள். முதலில் எடுத்தது ஒரு கொத்தமல்லிக் காம்பு. ஆனால் அந்த நிலையில் கோலம் போட முடியாது. மருமகள் வாசலில் போடுகிறாள், புள்ளி வரிசை கொஞ்சம் கோணுகிறது, நான் வாய் திறப்பதில்லை. எங்கள் திண்ணை இடுப்பளவு உயரம். மார்கழி பிறந்ததும் தெருவில் நின்றபடியே அதன்மேல் மாவால் ஏழு புள்ளிக் கோலம் போட்டேன். அதில் பால் பாக்கெட்டை வைத்துவிட்டுப் போய்விட்டான் பால்காரன்.