புதுப்பிப்பு: உபுண்டு 22.04-இல் 'லிப்எஸ்எஸ்எல் 1.1 இல்லை' சிக்கல்

உபுண்டு லினக்ஸ் 20.04-இலிருந்து 22.04-க்கு மாறியதும் அலுவலக பில்லிங் மென்பொருள், லிப்எஸ்எஸ்எல் 1.1 (பாதுகாப்பான இணைப்புக்கான லைப்ரரி கோப்பு) இல்லை என்று சொல்லித் திறக்க மறுத்ததே, அது இப்போது ஓடுகிறது.

லிப்எஸ்எஸ்எல், ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்கத் தொகுப்பின் ஒரு பகுதி. 20.04-இல் அதன் 1.1.1 பதிப்பு இருந்தது, 22.04-இல் வருவது 3.0. புதிய கோப்புக்கே பழைய பெயரில் சிம்லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் இணைப்பு) போடச் சொல்லிச் சிலர் எழுதியிருந்தீர்கள். அது ஆகாது. நிரல் தொடங்கும்போது லைப்ரரிகளை ஏற்றும் லோடர், கோப்பின் பெயரோடு விட்டுவிடுவதில்லை, உள்ளே இருக்கும் ஃபங்ஷன்களின் பதிப்புக் குறியையும் பார்க்கும். 1.1 வரிசையின் குறி 3.0-இல் கிடையாது. ஆள்மாறாட்டம் வாசலிலேயே பிடிபட்டுவிடும்!

பழைய லிப்எஸ்எஸ்எல், அதே தொகுப்பின் லிப்கிரிப்டோ இரண்டையும் மென்பொருளின் சொந்த ஃபோல்டரில் வைத்து, அதைத் தொடங்கும் ஸ்கிரிப்டில் மட்டும் எல்டி லைப்ரரி பாத் (LD_LIBRARY_PATH, லைப்ரரிகளை எங்கே தேடுவது என்று லோடருக்குச் சொல்வது) கொடுத்தேன். நிரலுக்குத் தேவையான லைப்ரரிகள் கிடைக்கின்றனவா என்று காட்டும் எல்டிடி (ldd) கட்டளையில் 'நாட் ஃபவுண்ட்' வரிகள் மறைந்தன. இந்தப் பாத்தை தயவுசெய்து பாஷ் ஆர்சி-யில் (ஷெல் திறக்கும்போதெல்லாம் படிக்கும் .bashrc கோப்பு) போடாதீர்கள். அப்புறம் அந்த ஷெல்லிலிருந்து தொடங்கும் எல்லா நிரல்களும் அந்த ஃபோல்டரில்தான் முதலில் தேடும்.

1.1.1-க்கான பொது ஆதரவு 2023 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. அதனால் இந்தக் கணினிக்கு வெளி இணையத்தைத் துண்டித்திருக்கிறேன். 3.0-க்கான பதிப்பு கேட்டு விற்பனையாளருக்கு எழுதியாயிற்று, இன்னும் பதில் இல்லை.