செகண்ட் ஹேண்ட் பவர் சப்ளை: மதர்போர்டில் மாட்டுவதற்கு முன் எப்படிச் சோதிப்பது?

செந்தூல்_பையன்
வணக்கம். இங்கே கோலாலம்பூரில் ஒருவரிடம் 550 வாட் பவர் சப்ளை ஒன்றை 60 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். மதர்போர்டுக்குப் போகும் 24 பின் கேபிள் மட்டும் பெட்டியோடு சேர்ந்தது, மற்றதெல்லாம் கழற்றி மாட்டுகிற கேபிள், அதைத் தனியாக ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். மதர்போர்டு இல்லாமலே ஆன் ஆக, அந்த 24 பின் முனையில் பச்சை வயரையும் பக்கத்துக் கறுப்பு வயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்தேன், ஃபேன் சுற்றுகிறது. இது போதுமா? மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு இரண்டும் புதுசு, லோ யாட் கம்ப்யூட்டர் மாலில் வாங்கியது, அதனால்தான் பயம். மல்டிமீட்டர் இருக்கிறது, எங்கே குத்துவது என்றுதான் தெரியவில்லை.

வயர்மேன்_பட்டர்வொர்த்
போதாது தம்பி. ஃபேன் சுற்றினால் 12 வோல்ட் பக்கம் ஏதோ வருகிறது, அவ்வளவுதான். சுற்றாவிட்டாலும் கெட்டுப்போனது என்று சொல்ல முடியாது, சில மாடல்களில் லோடு ஏறினால்தான் ஃபேனே கிளம்பும்.

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வை. கறுப்புக் குச்சி ஏதாவது ஒரு கறுப்பு வயரில், கனெக்டரின் பின்பக்கமாகச் செருகு. முதலில் கிளிப் இல்லாமல், சிவப்புக் குச்சியால் ஊதா வயரைப் பார், சுவிட்ச் போட்டதுமே 5 வோல்ட் நிற்க வேண்டும். அப்புறம் சுவிட்சை அணைத்துவிட்டு கிளிப்பை மாட்டி, மறுபடி ஆன் செய். மஞ்சள் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பு 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சு 3.14 முதல் 3.47 வரை இருக்கலாம். சாம்பல் வயரை மறந்துவிடாதே, அதில் 5 வோல்ட் வந்தால்தான் மதர்போர்டு கிளம்பும், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் அது வராத பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

மூணு பின் பிளக்கை நேராகச் சுவரில் மாட்டு. எர்த் இல்லாத பழைய வீட்டில் கேஸைத் தொட்டாலே சுர்ரென்று இழுக்கும், அது பெட்டியின் கோளாறு இல்லை, வயரிங்கின் கோளாறு. பெட்டியை மட்டும் திறக்காதே, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

கொம்தார்_கிறுக்கன்
அண்ணன் சொன்னதெல்லாம் சரி, ஆனால் எனக்கு அந்தப் பைதான் உறுத்துகிறது. கழற்றி மாட்டுகிற கேபிளில் பெட்டிப் பக்கத்து முனைக்கு எந்தப் பொது விதியும் கிடையாது, ஒரே பிராண்டின் இரண்டு மாடல்களில்கூட மாறும். முனை கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போய் எஸ்எஸ்டி ஒரே நொடியில் காலி. ஹார்ட்டிஸ்க் எதையும் மாட்டாமல் மோலெக்ஸ் முனையில் (வரிசையாக நாலு துளை உள்ள பழைய வகை முனை) அளந்து பாருங்கள், ஓரத்து இரண்டு துளைகளில் ஒன்று 12, இன்னொன்று 5, நடுவில் இரண்டும் கறுப்பு.

வயர்மேன்_பட்டர்வொர்த்
பையை நான் கவனிக்கவில்லை, நல்ல பாயிண்ட்.

பிரிக்பீல்ட்ஸ்_பிசி
இன்னொன்று. லோடு இல்லாமல் அளந்தால் மட்டமான பெட்டிகூட அழகாக நம்பர் காட்டும். கையில் பழைய போர்டு இருந்தால் முதலில் அதில் மாட்டி, பிராசஸரை அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓடவிட்டு, அப்போது மஞ்சளில் 12 எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 11.4க்குக் கீழே போனால் திருப்பிக் கொடுத்துவிடலாம். ரிப்பிளை, அதாவது வோல்டேஜ் வேகமாக ஏறி இறங்கும் சின்ன அலைகளை, மல்டிமீட்டர் காட்டாது, 12 வோல்ட்டில் 120 மில்லிவோல்ட் வரைதான் அனுமதி, அதைப் பார்க்க அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் வேண்டும். 60 வெள்ளிப் பெட்டிக்கு அவ்வளவு தூரம் போவீர்களா என்பது உங்கள் இஷ்டம்.

செந்தூல்_பையன்
அளந்துவிட்டேன். ஊதா 5.04, மஞ்சள் 12.11, சிவப்பு 5.06, ஆரஞ்சு 3.34, சாம்பலும் வருகிறது. ஆனால் பையில் இருந்த மோலெக்ஸ் கேபிளில் ஓரத்துத் துளை இரண்டிலுமே 12 காட்டுகிறது! விற்றவரிடம் கேட்டால், வேறு பெட்டியின் கேபிள் கலந்திருக்கலாம் என்கிறார். இப்போ என்ன செய்வது?

கொம்தார்_கிறுக்கன்
அந்தப் பையை அப்படியே ஒதுக்கி வையுங்கள், கிராபிக்ஸ் கார்டு கேபிளும் அதிலிருந்துதானே, அதையும் தொடாதீர்கள். பெட்டியின் ஸ்டிக்கரில் இருக்கும் மாடல் நம்பரை இங்கே போடுங்கள், அதற்கு எந்தக் கேபிள் செட் பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.