நுசினெர்சென் ஊசிக்குக் காப்பீடு மறுப்பு: மேல்முறையீட்டில் வென்றவர்கள் இருக்கிறீர்களா?

என் மகளுக்கு ஆறு வயது. முதுகுத்தண்டுத் தசைச் சிதைவு நோய், இரண்டாம் வகை. நோயின் தீவிரத்தைக் கணிக்க உதவும் எஸ்எம்என்2 மரபணு மூன்று பிரதிகள். அரசுக் காப்பீட்டில் 14 மாதங்களாக இந்நோய்க்கான நுசினெர்சென் ஊசி போட்டு வந்தோம். முதல் இரண்டு மாதங்களில் நான்கு ஊசிகள், பிறகு நான்கு மாதத்துக்கு ஒன்று.

போன மாதம் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். உடல் இயக்கத் திறனை அளக்கும் ஹாமர்ஸ்மித் மதிப்பெண் ஏறவில்லையாம். அன்றும் 21, இன்றும் 21. மருந்து இல்லாவிட்டால் இந்த நோயில் அது நாளடைவில் இறங்கும். இவள் இன்றும் சாய்மானம் இல்லாமல் உட்கார்ந்து, தன் கையால் கரண்டி பிடித்துச் சாப்பிடுகிறாள். இது பலன் இல்லையென்றால் வேறு எது பலன்?

நரம்பியல் மருத்துவரின் கடிதத்தோடு மறுபரிசீலனை கேட்டோம். இரண்டே வரியில் அதே பதில் வந்தது. வாய்வழி மருந்தான ரிஸ்டிப்லாமுக்கு மாற்றித் தரக் கேட்டோம். அதற்கும் அதே நிபந்தனை. அடுத்த ஊசிக்கு ஐந்து வாரம், இறுதி மேல்முறையீட்டுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது.

நிலைமை மோசமாகாததையே பலனாகக் காட்டி வென்றவர்கள், எந்தெந்த ஆவணங்களை இணைத்தீர்கள்?